புங்கும் கரஞ்சினும்: தோல்நோய் மருத்துவத்தில் பெயர்களின் வரலாறு

1. முன்னுரை

தமிழில் புங்கு, வடமொழியில் கரஞ்சம், தெலுங்கில் கானுக, கன்னடத்தில் ஹொங்கெ என வழங்கப்பெறும் மரம் ஒன்றே. அகராதியாசிரியர் இப்பெயர்களை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வர். ஆனால், இப்பெயர்களை அடியாகக் கொண்டு 20ஆம் நூற்றாண்டு வேதியியலார் ஆக்கிய கரஞ்சின், கனுகின், பொங்கமால் என்னும் சொற்கள் ஒருபொருள் குறிப்பன அல்ல. அவை ஒரே மரத்தில் காணப்படும் மூன்று வெவ்வேறு சேர்மங்களின் பெயர்கள். இயற்கை மொழியில் ஒன்றாக இருந்தவை கலைச்சொல்லாக மாறியபோது மூன்றாகப் பிரிந்தன.

இம்மூன்றும் பிளேவனாய்டு என்னும் சேர்மக் குடும்பத்தைச் சார்ந்தவை. புங்கெண்ணெயோ கரப்பான், சிரங்கு முதலிய தோல்நோய்களுக்கு நெடுங்காலமாகப் பூசப்பட்டு வருவது. எனவே, தாவரப் பிளேவனாய்டுகள் எக்சிமா நோய்க்கு மருந்தாகுமா என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினா ஆய்விதழ்களில் மட்டுமன்றி, மருந்து உறைகளிலும் நலவாழ்வுக் கையேடுகளிலும் விடையளிக்கப்படுகிறது. அங்கெல்லாம் மொழிபெயர்ப்பாளரின் பங்கு உண்டு. "புங்கிலுள்ள பிளேவனாய்டு கரப்பானைக் குணப்படுத்தும்" என்னும் எளிய தொடருக்குள் மூன்று சமன்பாடுகள் அடங்கியுள்ளன. கரப்பானும் எக்சிமாவும் ஒன்று என்பது முதலாவது. புங்கின் பயன் அதன் பிளேவனாய்டின் பயனே என்பது இரண்டாவது. ஆய்வுக்கூடத்தில் கண்ட விளைவு நோய் நீக்கமே என்பது மூன்றாவது. இச்சமன்பாடுகள் எவ்வாறு உருவாயின, எவ்வளவு பொறுப்பைத் தாங்கும் என்பவற்றைப் பெங்களூருவில் நிகழ்ந்த வேதியியல், பயிரியல் பணிகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நோயின் பெயர்

எக்சிமா என்பது கிரேக்கச் சொல். 'கொதித்து வெளிப்படல்' என்பது அதன் வேர்ப்பொருள். தோலில் கொப்புளம் அரும்பி நீர் கசியும் தோற்றமே பெயருக்குக் காரணமாயிற்று. 6ஆம் நூற்றாண்டினரான அமிதா நகரத்து ஏட்டியஸின் மருத்துவ நூலில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மருத்துவர் இராபர்ட் வில்லன் தோல்நோய்களைப் புறத்தோற்றம் பற்றி வகைப்படுத்தினார். அவருடைய மாணவர் தாமஸ் பேட்மன் 1813இல் அவ்வகைப்பாட்டை நிறைவு செய்து வெளியிட்டார். எக்சிமா வரையறுக்கப்பட்ட ஒரு நோய்ப்பெயராக நிலைபெற்றது அக்காலத்திலேயே ஆகும்.

20ஆம் நூற்றாண்டில் நோக்கு புறத்தோற்றத்திலிருந்து உடலின் இயல்புக்கு மாறியது. ஆஸ்துமா, தூசி ஒவ்வாமை, குழந்தைப் பருவத் தோலழற்சி ஆகியன ஒரே குடும்பத்தில் தொடர்ந்து தோன்றுவதைக் கண்ட கோகா, குக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், அவ்வியல்பைக் குறிக்க 1923இல் 'அடோபி' என்னும் சொல்லை அறிமுகப்படுத்தினர். அச்சொல்லை அவர்களுக்குத் தேர்ந்தளித்தவர் மருத்துவர் அல்லர். கொலம்பியா பல்கலைக்கழகத்துக் கிரேக்கமொழிப் பேராசிரியர் எட்வர்டு பெரி. 'இடமற்றது', 'வழக்கத்திற்கு மாறானது' என்பது அதன் பொருள். 1933இல் வைஸ், சல்ஸ்பெர்கர் ஆகியோர் இதனைத் தோலழற்சி என்னும் சொல்லோடு இணைத்து 'அடோபிக் டெர்மடைட்டிஸ்' என்னும் தொடரை ஆக்கினர். இன்று எக்சிமா எனப் பொதுவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுவே. தோலின் மேலடுக்கைக் காக்கும் ஃபிலக்ரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறைபாடு இந்நோய்க்கு வழிகோலுகிறது என்பது 2006இல் நிறுவப்பட்டது. ஒரே பெயரின் கீழ் நோயின் வரையறை மும்முறை மாறியமை இதனால் புலனாகும்.

தமிழ் மருத்துவத்தின் கரப்பான் வேறொரு வகைப்பாட்டில் நிற்பது. மண்டைக்கரப்பான், செங்கரப்பான், கருங்கரப்பான் என அது இடத்தாலும் நிறத்தாலும் பலவாக விரியும். இவற்றுள் சில எக்சிமாவோடு பொருந்தும். சில வேறு தோல்நோய்களாகவும் இருத்தல் கூடும். மக்கள் வழக்கில் கரப்பான் என்னும் சொல் நோயைக் கடந்து உணவின் குணத்தையும் குறிக்கிறது. கத்தரிக்காய், கருவாடு போன்றவற்றைக் 'கரப்பான் பண்டம்' என்று விலக்குவர். உடம்பில் இயல்பாக உறைந்துள்ள ஒரு தன்மையைச் சில உணவுகள் தூண்டி வெளிப்படுத்தும் என்பது இவ்வழக்கின் உட்கருத்து. இந்நோக்கில் கரப்பான் என்னும் சொல், வில்லன் கண்ட எக்சிமாவைவிடப் பெரி தேர்ந்த அடோபிக்கு அண்மையில் நிற்பதாகக் கொள்ளலாம். எனினும், கொள்கை ஒப்புமை வேறு. நோய் ஒருமை வேறு.

பெங்களூருவில் இச்சிக்கல் மேலும் விரிகிறது. கன்னடத்தில் எக்சிமாவுக்கு 'இசபு' என்றும், சொறி சிரங்குக்குக் 'கஜ்ஜி' என்றும் கூறுவர். ஆயுர்வேத நூல்களின் 'விசர்ச்சிகா' எக்சிமாவுக்கு நிகராக வைக்கப்படுகிறது. ஆனால், மூலநூலில் அது குட்டம் என்னும் பெரும்பிரிவின் உள்வகை. குட்டம் என்றதும் தொழுநோய் எனப் பொருள்கொள்ளும் இன்றைய வாசகருக்கு இவ்வகைப்பாடே மருட்சி தரும். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகிய மொழியினர் அருகருகே வாழும் அந்நகரில், நாட்டு மருந்து விற்கும் 'கிரந்திகெ அங்கடி'க்குச் செல்பவர் கேட்கும் பெயரும், மருத்துவர் எழுதும் பெயரும், ஆய்வறிக்கையில் அச்சாகும் பெயரும் ஒன்றையே சுட்டுகின்றன என்பதற்கு உறுதியில்லை.

3. மரத்தின் பெயர்

நோயின் பெயரோடு ஒப்பிட மரத்தின் பெயர் உறுதியானது. அதன் வரலாற்றை ஒலியியல் விதிகளே காட்டிவிடுகின்றன. சங்கப் பாக்களில் இம்மரம் 'புன்கு' என வழங்குகிறது. அதன் உதிர்ந்த பூக்கள் பொரிக்கு உவமிக்கப்பட்டுள்ளன. னகர மெய் ககரத்தின்முன் ஙகரமாகத் திரிந்து புங்கு, புங்கம், புங்கை என்னும் வடிவங்கள் தோன்றின. பழங்கன்னடத்தில் 'பொங்கெ' என்று நின்ற சொல், அம்மொழியில் 10ஆம் நூற்றாண்டளவில் தொடங்கி 14ஆம் நூற்றாண்டளவில் பெரிதும் நிறைவுற்ற மொழிமுதற் பகர ஹகரத் திரிபால் 'ஹொங்கெ' ஆயிற்று. பால் – ஹாலு, பூ – ஹூ, புலி – ஹுலி என்பன இதற்கு இனமான எடுத்துக்காட்டுகள். தமிழ் உகரத்துக்கு நிகராகக் கன்னடத்தில் ஒகரம் நிற்பதும் புகை – ஹொகெ போன்ற இணைகளில் காணப்படும் முறையான பொருத்தமே. மலையாளத்தில் 'உங்ஙு' என்னும் வடிவமும் உண்டு.

வடமொழியில் இம்மரத்திற்குக் கரஞ்சம் என்பதோடு நக்தமாலம் என்னும் பெயரும் உண்டு. சரக சங்கிதை அரிப்பை நீக்கும் மருந்துகள் பத்தினைத் தொகுத்துரைக்கும் பகுதியில் வேம்பு, கொன்றை, மரமஞ்சள் முதலியவற்றோடு நக்தமாலத்தையும் சேர்த்துள்ளது. தோலரிப்புக்கும் இம்மரத்துக்கும் உள்ள தொடர்பு தென்னிந்திய நாட்டு வழக்கோடு நின்றுவிடவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இம்மரப்பெயர் ஐரோப்பாவுக்குச் சென்ற வழி கேரளம் ஆகும். ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' இம்மரத்தைப் 'பொங்கம்' என்னும் மலையாளப் பெயரால் பதிவு செய்தது. பின்வந்த பயிரியலார் அதனையே இலத்தீன் ஈறு சேர்த்துப் 'பொங்கேமியா' என்னும் பேரினப் பெயராக்கினர். ஆனால், உலகப் பொதுமை வேண்டி அமைக்கப்பட்ட இலத்தீன் பெயரும் நிலையாக நிற்கவில்லை. லின்னேயஸ் 1753இல் இதனைச் சைட்டிசஸ் என்னும் பேரினத்துள் வைத்தார். பின்னர்ப் பொங்கேமியா கிளாப்ரா, பொங்கேமியா பின்னேட்டா, டெரிஸ் இண்டிகா, மில்லெட்டியா பின்னேட்டா எனப் பெயர்கள் மாறின. 1930களின் வேதியியற் கட்டுரைகளைத் தேடுபவர் 'கிளாப்ரா' என்றும், அண்மைக்காலக் கட்டுரைகளைத் தேடுபவர் 'பின்னேட்டா' என்றும் தேடவேண்டும். புங்கு என்னும் தமிழ்ப்பெயரோ ஈராயிரம் ஆண்டுகளாக ஒரே மரத்தைக் குறித்து வருகிறது. வட்டாரப் பெயர் நிலையற்றது, அறிவியற் பெயர் நிலையானது என்னும் பொதுக்கருத்தை இம்மரத்தின் வரலாறு மறுபரிசீலனைக்கு உள்ளாக்குகிறது.

4. சேர்மத்தின் பெயர்

பிளேவனாய்டு ஆய்வு மருத்துவத்தில் தொடங்கவில்லை, சாயத்தில் தொடங்கியது. துணிக்கு மஞ்சள் நிறமூட்டும் பூக்கள், பட்டைகள், வேர்கள் ஆகியவற்றின் நிறப்பொருளை அறிய 19ஆம் நூற்றாண்டு வேதியியலார் முயன்றனர். அந்நிறமிகளின் அடிப்படை அமைப்பை 1890களில் கொஸ்தனெட்ஸ்கி விளக்கினார். 'மஞ்சள்' எனப் பொருள்படும் பிளாவுஸ் என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து 'பிளேவோன்' என்னும் பெயர் பிறந்தது. ஒப்பினைக் குறிக்கும் கிரேக்க ஈறு சேர்ந்து குடும்பப் பெயராகிய பிளேவனாய்டு 1950களில் நிலைபெற்றது. நிறமற்ற சேர்மங்களும் இக்குடும்பத்தில் இடம்பெறுவதால், 'மஞ்சள்' என்னும் வேர்ப்பொருளை வைத்துத் தமிழாக்கம் செய்வது பொருந்தாது.

தனிச்சேர்மங்களின் பெயர்கள் ஒரே நெறியில் அமைந்தவை அல்ல. ஓக் மரத்தின் இலத்தீன் பெயரிலிருந்து குவெர்செட்டின் பிறந்தது. கெம்ப்ஃபெரால், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழைநாடுகளில் பயணம் செய்த எங்கல்பெர்ட் கெம்ப்ஃபர் என்னும் ஜெர்மானிய மருத்துவரின் நினைவைத் தாங்குவது. புரசம்பூவின் நிறமிகள் பியூட்டின், பியூட்டீன் எனப்பட்டன. புரசின் பேரினப் பெயரான பியூட்டியா, பியூட் என்னும் ஸ்காட்லாந்துப் பிரபுவைக் குறிப்பது. ஆகவே, தமிழகத்துக் காடுகளில் பூக்கும் மலரின் நிறத்துக்கு ஸ்காட்லாந்துப் பிரபுவின் பெயர் அமைந்தது.

புங்கின் சேர்மங்களுக்கு இந்நிலை நேரவில்லை. பூனாவில் பணியாற்றிய டி. பி. லிமாயே 1920களில் புங்கெண்ணெயிலிருந்து ஒரு படிகப்பொருளைப் பிரித்துக் கரஞ்சின் எனப் பெயரிட்டார். மராத்திய நாட்டில் வழங்கிய கரஞ்ச் என்னும் பெயரும் வடமொழிக் கரஞ்சமும் அதற்கு அடிப்படையாயின. வால்ட்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த டி. ஆர். சேஷாத்திரியின் ஆய்வுக்குழு, 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் புங்கின் வேரிலிருந்து பெற்ற பொருளைக் கனுகின் என அழைத்தது. இது கானுக என்னும் தெலுங்குப் பெயரின் வழிப்பட்டது. சேஷாத்திரி திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் குளித்தலையில் 1900இல் பிறந்த தமிழர். அவருடைய தாய்மொழியன்றி, ஆய்வுக்கூடம் அமைந்திருந்த நிலத்தின் மொழியே சேர்மத்துக்குப் பெயரளித்தது என்பது நோக்கத்தக்கது. மூன்றாவதான பொங்கமால், பொங்கேமியா என்னும் பேரினப் பெயர் வழியாகப் பழைய மலையாள வடிவத்தைத் தன்னுள் கொண்டுள்ளது.

சேர்மப் பெயர்களில் ஒருபொருட் பன்மொழி நெடுநாள் நிலைப்பதில்லை. பூவரசம்பூவிலிருந்து கிடைத்த நிறமிகளுக்கு, பூவரசின் சிற்றினப் பெயரையொட்டிப் பாபுல்னின், பாபுல்னெட்டின் என்னும் பெயர்கள் இடப்பட்டன. பாபுல்னெட்டின் என்பது முன்னரே அறியப்பட்ட கெம்ப்ஃபெரால்தான் எனத் தெளிவானதும் அப்பெயர் வழக்கிழந்தது. பாபுல்னின் கெம்ப்ஃபெராலின் குளுகோசைடு ஒன்றின் பெயராக எஞ்சியது. நிகண்டுகளின் மரப்பெயர்த் தொகுதி ஒரு மரத்திற்குரிய பல பெயர்களையும் செல்வமாகப் போற்றிச் சேர்த்து வைக்கும். வேதியியலோ பொருள் ஒன்றெனத் தெளிந்தவுடன் மிகைப்பெயரை நீக்கிவிடும். இவ்விரு மரபுகளுக்கும் இடையில் நிற்பவர் மொழிபெயர்ப்பாளர்.

5. பெங்களூருவின் பங்கு

இந்தியப் பிளேவனாய்டு வரலாற்றில் பெங்களூரு மூவகையில் இடம்பெறுகிறது. முதலாவது, ஆய்வு. பிளேவோன்களைத் தொகுப்பு முறையில் ஆக்க உதவும் பேக்கர் – வெங்கடராமன் வினை வேதியியல் நூல்களில் இடம்பெற்றுள்ளது. அவ்வினைக்குரிய இருவருள் ஒருவரான கிருஷ்ணசாமி வெங்கடராமன் சென்னையில் 1901இல் பிறந்தவர். மான்செஸ்டரிலிருந்து திரும்பியபின், லாகூருக்குச் செல்லுமுன், 1909இல் நிறுவப்பட்ட பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அவர் சிறிதுகாலம் பணியாற்றினார். பின்னாளில் பூனா தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இந்திய இயக்குநரும் அவரே. கரஞ்சினின் அமைப்பு பற்றிய ஆய்விலும் பெங்களூரு ஈடுபட்டது. அந்நகரின் சென்ட்ரல் கல்லூரியைச் சார்ந்த பி. எல். மஞ்சுநாத்தும் உடனாய்வாளரும் 1939இல் இதுபற்றிய தம் முடிவுகளை ஜெர்மானிய வேதியியல் இதழில் வெளியிட்டனர். ஹொங்கெ மரம் நிறைந்த நகரில் ஆராயப்பட்ட பொருள், கரஞ்சின் என்னும் பெயரோடு, ஜெர்மன் மொழியில் உலகை அடைந்தது. கன்னடப் பெயர் அவ்வரலாற்றில் இடம்பெறவில்லை.

இரண்டாவது, வெளியீடு. சி. வி. இராமன் 1934இல் பெங்களூருவில் நிறுவிய இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கை இதழ், சேஷாத்திரி குழுவினரின் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டது. பருத்திப் பூவின் நிறமிகள் பற்றிய ஆய்வுகளும் கனுகின் பற்றிய ஆய்வுகளும் இவ்விதழில் இடம்பெற்றன. வால்ட்டேரில் பிறந்த பெயர் பெங்களூருவில் அச்சேறி நிலைபெற்றது எனலாம். ஒரு கலைச்சொல் நிலைபெறுதற்கு ஆக்கியோனின் புலமை மட்டும் போதாது. இடையறாது வெளிவரும் இதழும் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மூன்றாவது, பெயர்த்தொகுப்பு. மரபு மருந்துச் செடிகளைக் காக்கும் நோக்குடன் 1990களின் தொடக்கத்தில் பெங்களூருவில் உருவான வட்டார நலவாழ்வு மரபுகள் மறுமலர்ச்சி அறக்கட்டளை, செடிகளின் பல்வேறு மொழிப்பெயர்களைத் திரட்டிப் பயிரியற் பெயரோடு பொருத்தும் தரவுத்தளப் பணியை மேற்கொண்டது. எஸ். என். யோகநரசிம்மன் தொகுத்த இந்திய மருந்துச்செடி நூலின் கருநாடகத் தொகுதி 1996இலும் தமிழ்நாட்டுத் தொகுதி 2000இலும் பெங்களூருவிலிருந்தே வெளிவந்தன. ஒரே பெயர் பல செடிகளையும், ஒரே செடி பல பெயர்களையும் பெறும் நிலையில், மூலச்சரக்கு மாறிவிடாமல் காக்கும் முதற்கருவி இத்தகைய தொகுப்புகளே. வேதியியல் ஆய்வுக்கு எடுக்கப்பட்ட செடி எது என்பதில் ஐயம் இருப்பின், பின்வரும் சோதனைகள் அனைத்தும் பயனற்றுப்போகும்.

6. மருந்து என்னும் கூற்று

பிளேவனாய்டுகளுக்கு மருத்துவ மதிப்புத் தேடும் முயற்சி 1936இல் வலுப்பெற்றது. ருஸ்னியாக், செந்த்-ஜோர்ஜி ஆகியோர் எலுமிச்சையிலிருந்தும் மிளகாய் வகையிலிருந்தும் பெற்ற பிளேவனாய்டுக் கலவை நுண்குழாய்களின் கசிவைக் குறைப்பதாகக் கூறி, அதற்கு 'வைட்டமின் பி' எனப் பெயரிட்டனர். இப்பகரம் ஆங்கில அகரவரிசையின் 16ஆம் எழுத்து. அப்பொருள் இன்றி உடல் இயங்காது என்பது மெய்ப்பிக்கப்படாமையால் 1950ஐ ஒட்டி அப்பெயர் கைவிடப்பட்டது. வைட்டமின் என்னும் சொல்லிலேயே இன்றியமையாமை என்னும் கூற்று அடங்கியிருந்தது. கூற்று வீழ்ந்தபோது பெயரும் வீழ்ந்தது.

எக்சிமாவைப் பொறுத்தவரை, பிளேவனாய்டுகளின்பால் ஆய்வாளர் கவனம் செல்வதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. ஒவ்வாமை வினையில் மாஸ்ட் அணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளியிடுகின்றன. குவெர்செட்டின் முதலிய சில பிளேவனாய்டுகள் ஆய்வுக்கூடச் சோதனையில் அவ்வெளியீட்டைத் தடுக்கின்றன. அழற்சியைத் தூண்டும் வேறு சில வினைகளையும் அவை தணிக்கின்றன. ஆனால், கண்ணாடிக் கலத்தில் அணுக்களோடு நேரே கலந்த பொருள், வாய்வழி உட்கொள்ளும்போது குடலில் ஒரு சிறு பகுதியே உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் மாற்றமடைந்து, தோலை அடைகிறது. மேலே பூசும்போது தோலின் மேலடுக்கைக் கடக்கவேண்டும். எக்சிமாவுக்கு ஏற்கப்பட்ட பொதுமருத்துவத்தில் எந்தப் பிளேவனாய்டும் இன்றுவரை இடம்பெறவில்லை. ஈரப்பதம் காக்கும் பூச்சுகளும், அளவறிந்து பயன்படுத்தும் ஸ்டீராய்டு களிம்புகளுமே அதன் அடிப்படை.

புங்கெண்ணெயில் இச்சிக்கல் மேலும் தெளிவாகப் புலப்படும். அவ்வெண்ணெயில் கரஞ்சினின் அளவு நூற்றுக்கு ஒன்றை ஒட்டியது. பெரும்பகுதி ஒலியிக் அமிலம் முதலான கொழுப்பமிலங்களால் ஆனது. எக்சிமா கண்ட தோல் ஈரத்தை இழப்பது. அதன்மேல் எண்ணெய் பூசுவதே வறட்சியைக் குறைத்து அரிப்பைத் தணிக்கக் கூடும். எனவே, புங்கெண்ணெய் பூசியவர் நலம்பெற்றால் அந்நலம் கரஞ்சினால் விளைந்ததா, எண்ணெய்ப்பசையால் விளைந்ததா என்பதைப் பூசியவரின் அனுபவம் கூறாது. கரஞ்சின் நீக்கிய எண்ணெயையும் நீக்காத எண்ணெயையும் ஒருங்கே சோதித்தாலன்றி விடை கிடைக்காது. மரபு மருத்துவம் எண்ணெயைப் பரிந்துரைத்தது, கரஞ்சினைப் பரிந்துரைக்கவில்லை. 'மரபு கண்ட பயனை அறிவியல் உறுதி செய்தது' என்னும் தொடர், இவ்வேறுபாட்டைக் கடந்தபின்னரே எழுதத்தக்கது.

பிறநாட்டு வரலாறுகள் இரண்டு இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கன. எகிப்தில் 'கெல்லா' எனப்படும் செடியிலிருந்து பெற்ற கெல்லின், பிளேவோன்களுக்கு நெருங்கிய உறவுடைய சேர்மம். அதன் அமைப்பை அடியாகக் கொண்டு 1960களில் இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட குரோமோகிளைகேட், ரோஜர் ஆல்டூனியன் என்னும் மருத்துவர் தம் உடம்பிலேயே செய்த சோதனைகளின் வழியாக ஆஸ்துமா மருந்தாயிற்று. செடியிலிருந்து மருந்துக்குச் செல்லும் வழியில் மூலக்கூறே மாற்றப்பட்டது, பெயரும் மாறியது. மற்றொன்று, அதிமதுரமும் நெருஞ்சிலும் உள்ளிட்ட பத்து மூலிகைகளைக் கொண்ட சீனக் குடிநீர். இலண்டனில் 1992இல் வெளியான ஆய்வுகள் அது கடும் எக்சிமாவைத் தணிப்பதாகக் காட்டின. 1999இல் ஹாங்காங்கில் வெளியான ஆய்வு அப்பயனை உறுதி செய்யவில்லை. கல்லீரல் பாதிப்புப் பற்றிய கவலையும் எழுந்தது. ஒரே பெயருடைய நோய்க்கு ஒரே பெயருடைய மருந்தைக் கொடுத்தும் முடிவு மாறுபட்டது.

பெயரை நம்புவதன் ஆபத்துக்கு வேறு சான்றும் உண்டு. 1999இல் இலண்டனில் தோல்நோய்க்கு வழங்கப்பட்ட சீன மூலிகைக் களிம்புகள் 11 பகுத்தாராயப்பட்டபோது, அவற்றுள் 8இல் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்தது. பர்மிங்காமில் எக்சிமா கண்ட குழந்தைகளுக்குப் பூசப்பட்ட 24 மூலிகைக் களிம்புகளுள் 20இல் ஸ்டீராய்டு இருந்தமை 2003இல் வெளியாயிற்று. உறையின்மீது இருந்த 'மூலிகை' என்னும் சொல்லை நம்பி, பெற்றோர் தாம் அறியாமலேயே வீரியமிக்க ஸ்டீராய்டைக் குழந்தையின் தோலில் பூசிவந்தனர்.

7. மொழிபெயர்ப்பில் எழும் வினாக்கள்

மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் முயற்சிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிபுரிந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழ்ச்சொல், வடசொல், ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு என்னும் வரிசையில் சொற்களைத் தேடினார். 1875இல் வெளியான அவருடைய வேதியியல் நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. அயற்சொல்லைத் தமிழ் ஈற்றோடு இயைத்த வடிவம் அது. 1916இல் சேலத்தில் தோன்றிய தமிழ் அறிவியற் சொற்சங்கம் இப்பணியைத் தொடர்ந்தது. அக்கால விவாதங்கள் பெரும்பாலும் சொல் எம்மொழிக்குரியது என்பது பற்றியன. கரஞ்சினின் வரலாறு காட்டும் வினா வேறு: அச்சொல் எவ்வகைப் பெயர்?

மரப்பெயரை மொழிபெயர்க்கலாம், மொழிபெயர்க்கவும் வேண்டும். ஹொங்கெ என்னும் கன்னடச் சொல்லைத் தமிழில் புங்கு என்பதே முறை. ஐயம் நீங்கப் பயிரியற் பெயரை உடன் தருதல் நன்று. சேர்மப்பெயர் மொழிபெயர்க்கத்தக்கது அன்று. கரஞ்சம் என்பது புங்கு ஆதலின் கரஞ்சினைப் 'புங்கின்' என ஆக்கலாம் எனத் தோன்றும். அவ்வாறாயின் கனுகினும் பொங்கமாலும் அதே உரிமையால் 'புங்கின்' ஆகிவிடும். மூன்று சேர்மங்கள் ஒரு பெயருள் மறையும். ஈறுகளும் பொருளுடையன. இன், ஆல், ஓன் என முடியும் வடிவங்கள் வேதியியலார்க்குக் குறிப்பிட்ட தகவலைத் தருவன. ஆகவே, தமிழெழுத்தில் எழுதுங்காலும் அவ்வேறுபாடு காக்கப்பட வேண்டும்.

நோய்ப்பெயர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. நோயாளிக்கு எழுதும் குறிப்பில் கரப்பான் என்னும் சொல் பயன்மிக்கது. அவருக்குப் புரிவது அதுவே. ஆய்வு முடிவை எடுத்துரைக்குமிடத்தில் எக்சிமா என்றே எழுதி, தமிழ் மருத்துவம் கரப்பான் என்று கூறும் நோய்கள் சிலவற்றோடு அது பொருந்தும் எனச் சுட்டுதல் தகும். மறுதலையாக, சித்த மருத்துவ நூலை ஆங்கிலமாக்குபவர் கரப்பானை அப்படியே எக்சிமா என மாற்றிவிட்டால், மண்டைக்கரப்பானும் கருங்கரப்பானும் தம் வேறுபாட்டை இழக்கும். கரப்பான் பண்டம் என்னும் கருத்து விளங்காமற் போகும்.

இவற்றினும் கவனம் வேண்டுவது வினைச்சொல். ஆய்வுக்கட்டுரைகள் 'தடுத்தது', 'குறைத்தது' என்று அளந்து கூறுவதைத் தமிழில் 'குணப்படுத்தும்' எனப் பெயர்ப்பது பெருவழக்காகிவிட்டது. 'செய்யும்' என்னும் வாய்பாட்டு முற்று, எதிர்காலத்தோடு எக்காலத்துக்கும் பொதுவான இயல்பையும் உணர்த்துவது. 'தீ சுடும்' என்பதில் அமைந்த உறுதி 'கரப்பானைக் குணப்படுத்தும்' என்பதிலும் வந்து சேர்ந்துவிடுகிறது. எலியிடத்தோ அணுக்களிடத்தோ ஒருமுறை கண்ட விளைவை இறந்தகால வினையாலும், சோதனை நிகழ்ந்த இடத்தைக் குறிக்கும் அடையாலும் கூறுவதே தமிழ் இலக்கணத்துக்கும் உண்மைக்கும் ஒத்தது.

8. முடிவுரை

புங்கு என்னும் பெயரின் வரலாற்றை ஒலி விதிகள் விளக்குகின்றன. கரஞ்சின் முதலிய பெயர்களின் வரலாற்றை ஆய்வுக்கூடங்கள் அமைந்த இடமும் இதழ்கள் அச்சான இடமும் விளக்குகின்றன. கரப்பான், எக்சிமா என்னும் பெயர்களை அவ்வம் மருத்துவ முறையின் வகைப்பாடு விளக்குகிறது. இம்மூவகைப் பெயர்களும் வெவ்வேறு நெறியில் தோன்றியவை. ஆதலின் ஒரே முறையில் மொழிபெயர்க்கத்தக்கன அல்ல.

புங்கெண்ணெயின் பழம்பயன் மதிக்கத்தக்கது. பிளேவனாய்டுகள் பற்றிய ஆய்வும் தொடர்தற்குரியது. இரண்டையும் இணைக்கும் பாலம் சோதனையால் கட்டப்பட வேண்டுமேயன்றி, பெயரொப்புமையால் கட்டப்படலாகாது. அப்பாலம் எதுவரை கட்டப்பட்டுள்ளது என்பதை வாசகருக்குத் தெரிவிப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமை. மருந்து உறையில் உள்ள தமிழைப் படித்து முடிவெடுப்பவர்களுள் குழந்தையின் அரிப்பைத் தணிக்க வழிதேடும் தாயும் ஒருவர். அவருக்கு மூலக்கட்டுரையைப் பார்க்கும் வாய்ப்பில்லை. அவர் முன் உள்ளது மொழிபெயர்ப்பாளரின் சொல் மட்டுமே.